பொட்டம்மாவுக்கு வந்த கிருமி

காலை ஆறு மணி அடித்தால் உண்ணிகள் வேலை முடிந்து வீடு திரும்பும். டாக்டர் உலகம்மை ஒரு கையில் காப்பி டம்ளருடன் மறு கையால் ஆய்வகத்து ஜன்னலைத் திறந்துவிடுவாள். அரிசிமணி அளவுள்ள நூற்றுப்பன்னிரண்டு ஊசியுண்ணிகளும் ரீங்காரமிட்டபடி உள்ளே வந்து, தத்தம் எண் பொறித்த குழிகளில் உட்கார்ந்து, ஆளுக்கொரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் கக்கிவிட்டு உறங்கிப்போகும். எல்லாம் பனிக்கரடிகளும் வெள்ளை நரிகளும் தந்த இரத்தம். தந்தது அவற்றுக்கே தெரியாது. அவ்வளவு பூப்போல உட்கார்ந்து எழுந்து வரும் இயந்திரங்கள் அவை. நாற்பத்தோராம் உண்ணி மட்டும் ஒருமுறை வழிதவறி ஊர்த்தலைவர் உச்சிமாகாளியின் பிடரியில் உட்கார்ந்துவிட்டு வந்தது. அதை இன்றுவரை உலகம்மை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

ஆண்டு 2171. வானத்தில் விரித்த குளிர்க்குடையின் தயவால் வடதுருவத்தில் பனி மறுபடி உறைந்து, கரடிகளும் மறுபடி பெருகியிருந்த காலம். அந்தப் பனியின் ஓரத்தில், கடற்பாசி வயல்களுக்கு நடுவே, நாற்பத்துமூன்று வீடுகள் கொண்ட ஊர் வடநெல்லை. பாசி வளர்க்க வந்தவர்கள் எல்லோரும் தாமிரபரணிக் கரைக்காரர்கள் என்பதால் ஊருக்கு அந்தப் பெயர். குடியேற அனுமதி தந்த துருவ உயிர்நலச் சபை, ஊர் வாசலில் பெரிய பலகை ஒன்றையும் நட்டுவிட்டுப் போயிருந்தது. ‘விலங்குகளுக்கு உணவு அளிக்காதீர்கள்’ என்று நல்ல தமிழில், ஊரைப் பார்த்தபடி, பளிச்சென்று எழுதிய பலகை. நாற்பது வருடமாக எல்லோரும் அதன் கீழேதான் போய் வருகிறார்கள். யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

உலகம்மையின் வேலை, அந்தப் பக்கத்து வேட்டை விலங்குகளுக்கு என்னென்ன கிருமிகள் தொற்றியிருக்கின்றன என்று கண்காணிப்பது. ஒரு கிருமி உடம்பில் நுழைந்தால் இரத்தம் அதை எதிர்க்க ஒரு பொருளைச் செய்துகொள்ளும். கிருமி ஒழிந்த பிறகும் அந்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் தங்கியிருக்கும், வந்துபோனவரின் செருப்புத் தடம் வாசலில் கிடப்பதைப்போல. அந்தத் தடத்துக்குச் ‘சுவடு’ என்று பெயர். சுவடு இருப்பதாலேயே விலங்குக்கு நோய் என்று அர்த்தமில்லை. என்றைக்கோ அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். இதை உலகம்மை ஊர்க்கூட்டத்தில் பதினேழு முறை விளக்கியிருக்கிறாள். பதினேழு முறையும் ஊர் தலையாட்டியிருக்கிறது.

இதுவரை தெரிந்த நோய்க்கிருமிகளை மட்டுமே தட்டுகள் தேடின. அந்த வாரம்தான் சபை புதுத் தட்டுகளை அனுப்பியிருந்தது. அட்டவணையில் இல்லாத கிருமியோ அதன் சுவடோ இருந்தாலும் அவை காட்டிக்கொடுக்கும். உலகம்மை காப்பியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் தட்டைப் பார்த்தாள். பச்சையாக இருக்கவேண்டிய புள்ளிகளில் எழுபத்தொன்று சிவப்பாக இருந்தன. எல்லாவற்றிலும் அடர்ந்த சிவப்பு பொட்டம்மாவுடையது.

பொட்டம்மா ஆறு வயதுப் பெண் கரடி. குட்டியாக இருந்தபோது அடையாளத்துக்காக நெற்றியில் சிவப்புச் சாயம் வைத்தது உலகம்மைதான். அந்தப் பொட்டினால் வந்த பெயர். இந்த வருடம் இரண்டு குட்டிகளோடு அது பனிமேட்டில் நடந்துபோவதைப் பார்க்க ஊரே சன்னல்களில் கூடியது. இரத்தம் சிவந்த சேதி பரவியதும் அதே சன்னல்கள் படபடவென்று அடைபட்டன. மத்தியானத்துக்குள் மூன்று பேருக்கு இருமல் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஏழு பேருக்கு உடம்பெல்லாம் அரித்தது. எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றே: கரடியிடமிருந்து காற்றில் வந்திருக்கும்.

சபையின் பதினான்காம் விதி எளிமையானது. ஒரு வட்டாரத்தில் புதுக் கிருமி தோன்றினால், அதற்கு மூலமான பெரிய ஊனுண்ணியைக் கண்டுபிடித்துப் பிரித்து அடைக்கவேண்டும். மூலம் எதுவென்று பத்து நாளுக்குள் தெரியாவிட்டால் சுவடு அதிகமாக உள்ள விலங்கையே மூலமாகக் கொள்ளவேண்டும். அதைத் தனிமைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அந்தக் கப்பலுக்குப் போன கரடி எதுவும் திரும்பி வந்ததில்லை.

ஊர்த்தலைவர் உச்சிமாகாளி அன்றைக்கே கூட்டம் போட்டு, ஒரு மனுவையும் எழுதிவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் பயம் வந்தால் அவருக்குத் தமிழ் சரளமாக வரும். ‘எந்த விலங்காக இருந்தாலும் தயவு தாட்சண்யம் பாராமல், எங்கள் ஊர் எல்லையிலேயே வேலி போட்டுத் தடுத்து, பதினான்காம் விதியைக் கடைசி எழுத்துவரை நிறைவேற்றுமாறு வேண்டுகிறோம்.’ நாற்பத்திரண்டு வீட்டார் கையெழுத்திட்டார்கள். உலகம்மை மட்டும் போடவில்லை.

“என்ன டாக்டரம்மா, ஊரே ஒப்புக்கிட்டிருக்கு. நீங்க மட்டும் தனியா நிக்கிய?” என்றார் உச்சிமாகாளி.

“அண்ணாச்சி, கிருமி அதுகிட்ட இருந்து நமக்கு வந்துச்சுன்னு யாரு சொன்னா? அது எங்கிருந்தோ வாங்கியிருக்கு. எங்கன்னு எனக்கு இன்னும் தெரியல.”

“அதுதாம்லா சொல்லுதேன். எங்கிட்டோ போயி வாங்கிட்டு இங்கன வந்து நிக்கி. காட்டுல கிடக்க மிருகத்துக்குச் சுத்தம் சுகாதாரம் என்ன தெரியும்?”

அடுத்த ஒன்பது நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை. சீல் என்னும் கடல்நாயின் இறைச்சியைச் சோதித்தாள். மீன், கடற்பறவை முட்டை, பனி, பனிக்கடியிலிருந்த மண் எல்லாவற்றையும் சோதித்தாள். கிருமி எங்கும் இல்லை. ஆய்வகச் சுவரில் தொங்கிய வெள்ளிக் கேடயம் அவளைப் பார்த்துச் சிரித்தது. ‘பனிக்கரடிகளின் மதி ஒழுக்கம்’ என்ற ஆராய்ச்சிக்காகச் சபை தந்த பரிசு அது. இருபத்தொன்பதரை நாளுக்கு ஒருமுறை, அறுபது கிலோமீட்டர் தூரத்திலிருந்துகூடக் கரடிகள் வடநெல்லையின் பின்புறம் வந்து கூடுகின்றன என்று கண்டுபிடித்தவள் அவள்தான். நிலவின் ஈர்ப்பில் கடல் நீரோட்டம் மாறுகிறது, மீன்கள் நகர்கின்றன, கரடிகள் வருகின்றன என்பது அவளுடைய விளக்கம். அதைப் படித்துவிட்டு நான்கு பல்கலைக்கழகங்களில் வேறு பலர் இன்னும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

பத்தாம் நாள் தீர்ப்பு சொல்லச் சபையின் தணிக்கையர் வந்து இறங்கியது. ஆளுயர இயந்திரம், சாம்பல் நிற உடம்பு, மிக மரியாதையான குரல். தமிழைப் புத்தகங்களிலிருந்து மட்டும் கற்றிருந்தது. மறுநாள் காலை விசாரணை, அது முடிந்ததும் கப்பல் என்று அறிவித்துவிட்டு விருந்தினர் அறையில் போய் மின்சாரம் ஏற்றிக்கொண்டு நின்றது.

அன்றைக்கு ஆடி அமாவாசை. சூரியன் மறையாத கோடையில் அமாவாசையைக் கண்ணால் பார்க்க முடியாது. வடநெல்லை எல்லாவற்றுக்கும் திருநெல்வேலி நேரத்தையே வைத்திருந்தது. உலகம்மை குளித்துச் சமைத்தாள். வெட்டிய கடற்பாசி இலையில் சோறு, பருப்பு, ஒரு வடை, மேலே கெட்டித் தயிர். வீட்டின் பின்பக்கக் குப்பைக் கதவை ஒரு சாண் திறந்து இலையை வெளியே தள்ளினாள். தப்பு என்று தெரியும். பிடிபட்டால் மருத்துவ உரிமம் போய்விடும் என்றும் தெரியும். ஆனால் அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. அவருக்கு ஒரு பிடி வைக்காமல் எப்படிச் சாப்பிடுவது? ஊரிலேயே இந்தக் குற்றத்தைச் செய்கிறவள் தான் ஒருத்திதான் என்று நினைத்து, ஒவ்வொரு அமாவாசையும் அவள் கூசிப்போவாள்.

“கா… கா…” என்று கதவிடுக்கில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

வடநெல்லையில் காக்கை கிடையாது. விலங்கு மருத்துவரான அவளுக்கு அது ஊரில் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனாலும் அரைமணி நேரத்தில் இலை துடைத்துவைத்தாற்போல ஆகிவிடும். யார் தின்றது என்று அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தால் அது அப்பா இல்லை என்று ஆகிவிடுமே. ஆராய்ச்சி புத்தியை அந்த அரைமணி நேரத்துக்கு மட்டும் அங்கியோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிடுவாள்.

இன்றைக்குக் கதவை அடைக்க மனம் வரவில்லை. நாளைக்குப் பொட்டம்மா போய்விடும், குட்டிகள் இரண்டும் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடும் என்று நினைத்ததும் அழுகை வந்தது. குளிரங்கியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, வீட்டின் பின்சுவரில் சாய்ந்து நின்றாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

“கா… கா…”

பக்கத்து வீட்டுக் குப்பைக் கதவு. அதற்கடுத்த வீடு. அதற்கும் அடுத்தது. மற்ற நாற்பத்திரண்டு வீடுகளின் பின்புறமும் ஒரு சாண் திறந்து, நாற்பத்திரண்டு பாசி இலைகள் வெளியே வந்தன. ஒவ்வொரு கதவிலிருந்தும் யாரோ ரகசியமாக, தன் வீட்டுச் சத்தம் தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்ற நிச்சயத்தோடு, காக்கையைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டுக் கதவை அடைத்துக்கொண்டார்கள்.

பனிமேட்டின் பின்னாலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். முன்னால் பொட்டம்மா, பின்னால் இரண்டு குட்டிகள், அதற்குப் பின்னால் இருபது முப்பது கரடிகள், இடையிடையே நரிகள். முண்டியடிக்கவில்லை. கல்யாணப் பந்தியில் இடம் தெரிந்தவர்கள்போல ஆளுக்கொரு குப்பைக் கதவின் முன்னால் போய் உட்கார்ந்து சாப்பிட்டன. உலகம்மை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு பார்த்தாள். நிலவு, நீரோட்டம், மீன், வெள்ளிக் கேடயம் எல்லாம் அவள் கண்முன்னே ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசிக் குட்டி இலையை நக்கிவிட்டு நிமிர்ந்தபோது அதன் மூக்கு நுனியில் வெள்ளையாகத் தயிர் ஒட்டியிருந்தது.

அவள் உள்ளே ஓடினாள். சட்டியிலிருந்து ஒரு கரண்டித் தயிரை எடுத்து, புதுத் தட்டில் ஒரு துளி வைத்தாள். தட்டு குங்குமமாகச் சிவந்தது.

நாற்பது வருடத்துக்கு முன்னால் முதல் குடியேறிகளில் யாரோ ஒரு கரண்டி உறைமோர் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து ஒரு வீடு, அந்த வீட்டிலிருந்து அடுத்த வீடு என்று இரவல் வாங்கி வாங்கி, பாசியிலிருந்து பிழிந்த ஆலைப்பாலிலும் துருவக் குளிரிலும் வளர்ந்து வளர்ந்து, அந்தக் கிருமி தன் முன்னோர்களைவிட்டே மாறிப்போயிருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத தயிர். அட்டவணையில் இல்லாததில் வியப்பில்லை.

மறுநாள் காலை பொதுக்கூடத்தில் ஊர் முழுவதும் கூடியிருந்தது. வெளியே கப்பல் நின்றது. தணிக்கையர் மனுவைப் படித்து முடித்ததும் உலகம்மை எழுந்தாள்.

“மூலம் கிடைச்சிருச்சுங்க. அந்தக் கிருமி எங்க தயிர்.”

“தயிர் என்னும் நோயை என் அட்டவணை அறியாது,” என்றது தணிக்கையர்.

“நோயில்ல, சாப்பாடு. நான்தான் எட்டு வருஷமா அமாவாசைக்கு அமாவாசை வெளியே வச்சேன். எங்க அப்பாவுக்கு. பொட்டம்மா அதைச் சாப்பிட்டிருக்கு. அதுக்கு நோயே கிடையாது, நல்லா செரிமானம் ஆகுது, அவ்வளவுதான். என் உரிமத்தை எடுத்துக்கோங்க. கேடயத்தையும் எடுத்துக்கோங்க. கரடியை விட்டுருங்க.”

தணிக்கையர் அவள் பக்கம் திரும்பியது. “தெளிவு வேண்டுகிறேன். உயிருள்ள கிருமிகளை நீங்கள் வேண்டுமென்றே வளர்க்கிறீர்கள்?”

“ஆமா.”

“உண்கிறீர்கள்?”

“தினமும்.”

“வீட்டுக்கு வீடு பரவும் முறை யாது?”

“பக்கத்து வீட்டுல போயி, ஒரு கரண்டி உறைமோர் தாங்கன்னு கேப்போம்.”

“அவர்கள் மறுப்பதில்லையா?”

“மறுத்தா மரியாதையா இருக்காதே.”

தணிக்கையரின் நெற்றி விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது. அதன் வாழ்நாளில் இப்படி ஒரு தொற்று முறையை அது பதிவு செய்ததே இல்லை.

உச்சிமாகாளி துள்ளி எழுந்தார். “ஐயா, டாக்டரம்மா செஞ்ச தப்புக்கு ஊரை இழுக்கக் கூடாது. நாங்க யாரும் ஒரு பருக்கை வெளிய போட்டது கிடையாது. பலகையில என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்கும் தெரியும்.”

கூடமே தலையாட்டியது. ஒவ்வொருவரும், டாக்டரைத் தவிர மற்ற வீட்டார் எல்லோரும் யோக்கியர்கள் என்று மனதார நம்பியதால், தன்னைக் காட்டிக்கொள்ள ஒருவருக்கும் துணிச்சலில்லை. உலகம்மை விறுவிறுவென்று நடந்தாள். கூடத்தின் பின்பக்கக் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, வெளியே பார்த்து வாயைக் குவித்தாள்.

“கா… கா…”

பொட்டம்மா வந்தது. அமாவாசைக்கு மறுநாளும் விருந்தா என்று அதற்கே ஆச்சரியம்போல. நடையில் ஒரு துள்ளல் இருந்தது. உலகம்மையின் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப்போய், ஊர்த்தலைவர் வீட்டுக் குப்பைக் கதவின் முன்னால் நின்றது. பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்காலால் மூன்று முறை தட்டியது. டொக், டொக், டொக். பிறகு உட்கார்ந்து காத்திருந்தது.

“ஐயையோ!” என்று வாயில் அடித்துக்கொண்டார் தலைவரின் மனைவி பிச்சம்மாள். “தட்டுறது எங்க அத்தைன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்! உசுரோட இருக்கையிலயும் இன்னொரு வடை வேணும்னா இப்படித்தான் மூணு தட்டு தட்டுவாவ!”

உச்சிமாகாளி மெல்ல உட்கார்ந்தார். கூடத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் இன்னொருவர், “எங்க வீட்டுக்கு வாறது ஒத்தக்காது கரடிபோல. இலையில எப்பவும் ஒரு முடி கிடக்கும்” என்றார். அதன்பின் நாற்பத்துமூன்று வீட்டு ரகசியமும் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. தாங்கள் தனியாகப் பாவம் செய்யவில்லை என்று தெரிந்ததில் ஊருக்கு அப்படி ஒரு சந்தோஷம். உலகம்மைக்கும்தான். எட்டு வருட பாரம் இறங்கியதுபோல இருந்தது.

“கரடி விடுவிக்கப்படுகிறது,” என்று தணிக்கையர் அறிவித்ததும் கைதட்டல் கூரையைத் தொட்டது. அது அடங்கும்வரை தணிக்கையர் பொறுமையாக நின்றது. “இனி, பதினான்காம் விதிப்படி, மூலமான பெரிய ஊனுண்ணியைப் பிரித்து அடைக்கும் நடவடிக்கை.”

“அதான் கரடி இல்லைன்னு ஆயிட்டே. வேற என்ன ஊனுண்ணி இருக்கு இங்கன?” என்றார் உச்சிமாகாளி.

தணிக்கையர் கூடத்தை ஒருமுறை இடமிருந்து வலமாகப் பார்த்தது. “நூற்றெழுபத்தாறு உருப்படிகள்.”

உச்சிமாகாளி மறுபடி துள்ளி எழுந்தார்.

“என்னவே சொல்லுதீரு? நாங்க மனுசங்க! அதுவும் அமாவாசையன்னைக்கு நாங்க சுத்த சைவம்!”

“மற்ற நாள்களில்?”

உச்சிமாகாளி மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“மேலும்,” என்றது தணிக்கையர், “எந்த விலங்காக இருந்தாலும் தயவு தாட்சண்யம் பாராமல், ஊர் எல்லையிலேயே வேலி போட்டு, கடைசி எழுத்துவரை நிறைவேற்றுமாறு நாற்பத்திரண்டு கையெழுத்துகளுடன் மனு வந்துள்ளது. இவ்வளவு தெளிவான ஒத்துழைப்பைச் சபை இதுவரை பெற்றதில்லை. நன்றி.”

“அப்போ என் உரிமம்?” என்று மெல்லக் கேட்டாள் உலகம்மை.

“உணவு அளித்தது குற்றம். ஆனால் விலங்குகள் குற்றம் செய்வதில்லை. அவற்றைப் பாதுகாக்க மட்டுமே முடியும். உங்கள் கூட்டத்தை அருகிலிருந்து கவனிக்க ஒரு மருத்துவர் தேவை. தொடருங்கள்.”

மூன்றே நாளில் வேலி எழுந்தது. உள்ளே வாழ்க்கையில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. பாசி வயலுக்குப் போகிறவர்கள் கழுத்தில் இருப்பிடம் காட்டும் சிறு விளக்கு மாட்டிக்கொண்டு போனார்கள். காலை ஆறு மணிக்கு உண்ணிகள் இப்போது அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தே திரும்பின. தூரம் குறைந்ததில் அவற்றுக்கும் நிம்மதி. உச்சிமாகாளிக்கு நாற்பத்தோராம் உண்ணியை ஒதுக்கினார்கள். அதற்கு ஏற்கெனவே வழி தெரியும். வாசல் பலகையைத் தணிக்கையர் புறப்படும்முன் தன் கையாலேயே பிடுங்கி, திருப்பி நட்டுவிட்டுப் போனது. ‘விலங்குகளுக்கு உணவு அளிக்காதீர்கள்’ என்ற எழுத்து இப்போது வெளியே, பனிவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அடுத்த அமாவாசை வந்தது. குப்பைக் கதவுகளுக்கு முத்திரை வைத்திருந்ததால் ஒரு பருக்கையையும் வெளியே வைக்க வழியில்லை. படைக்காமல் சாப்பிட மனமில்லாத ஊர், பசியோடு வேலியோரம் வந்து நின்றது. பனிமேட்டின் பின்னாலிருந்து பொட்டம்மாவும் குட்டிகளும் வந்தன. வீட்டுப் பின்புறங்கள் இருந்த பக்கம் முழுக்க வேலியாக இருப்பதைப் பொட்டம்மா பார்த்தது. வேலிக்குள் வரிசையாக நின்ற வாடிய முகங்களைப் பார்த்தது. திரும்பிப் போய்விட்டது.

“கோவிச்சுக்கிட்டு போயிட்டாவ அத்தை,” என்றார் பிச்சம்மாள். அவருக்குக் கண் கலங்கியது.

அரைமணி நேரம் கழித்துப் பொட்டம்மா வேட்டையாடிய ஒரு முழுக் கடல்நாயை இழுத்துக்கொண்டு வந்தது. வாசல் பலகையின் கீழே, அதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடந்து, கடல்நாயை மூக்கால் வேலிக்கடியில் தள்ளியது. முன்னங்காலால் வேலிக்கம்பத்தில் மூன்று முறை தட்டியது. பிறகு பத்தடி பின்னால் போய், குட்டிகளை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, யார் வந்து எடுக்கிறார்கள் என்று பார்த்தபடி உட்கார்ந்தது.

நூற்றெழுபத்தாறு பேரும் கடல்நாயைப் பார்த்தார்கள். அப்புறம் டாக்டரைப் பார்த்தார்கள். உச்சிமாகாளி பிடரியைத் தடவிக்கொண்டே உலகம்மையின் காதருகே குனிந்தார்.

“டாக்டரம்மா, இன்னைக்கு அமாவாசையாச்சே… நாளைக்கு எடுத்துக்கிட்டா அது தப்பா நெனைக்குமோ?”